விசையும் பொத்தானும்

கருவியை ஆக்குவோர் ஒருவர்; அதனை ஆள்வோர் மற்றொருவர். ஆக்குவோர் வைத்த இடத்திலேயே விசை நிற்றல் வேண்டுமா, ஆள்வோர் தம் கைப்பழக்கத்துக்கு ஏற்ப அதனை மாற்றிக்கொள்ளலாமா என்னும் வினா சிறியதாகத் தோன்றலாம். தமிழ் எழுத்தின் அண்மைக்கால வரலாற்றை நோக்கின், அது சிறிய வினா அன்று என்பது புலனாகும்.

தட்டச்சுப்பொறி மேனாட்டில் பிறந்தது. 26 எழுத்துகளையுடைய ஆங்கிலத்துக்கென அமைந்த பலகையில் நம் 247 எழுத்துகளையும் எங்ஙனம் அடக்குவது? இவ்விடரைத் தீர்க்க முற்பட்டவர் ஆர். முத்தையா. 1886-ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் பிறந்து, இளமையில் மலாயா சென்று, சிங்கப்பூரில் ஒரு வணிக நிலையத்தில் பணியாற்றியவர் அவர். உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் ஒரு விசை தேவையில்லை, குறிகளைப் பிரித்து வைத்தால் போதும் என்பது அவர் கண்ட வழி. புள்ளி முதலிய குறிகளுக்கு நகராத விசைகளை வகுத்தார். புள்ளி விசையை அழுத்தினால் தாள் நகராது. அடுத்து எழுத்தை அழுத்த, இரண்டும் ஓரிடத்தில் விழுந்து மெய்யெழுத்தாகும். அவருடைய அமைப்பைக் கொண்ட பொறி ஜெர்மனியில் செய்யப்பட்டு வெளிவந்தது.

அப்பொறியின் விசைகள் இரும்பில் அமைந்தவை. அவற்றை எவரும் இடம் மாற்ற இயலாது. ஆகவே மனிதரின் விரல்கள் பொறிக்குப் பழகின. ஊர்தோறும் தட்டச்சுப் பயிலகங்கள் தோன்றின. அங்குப் பயின்றோர் பலர் அலுவலகங்களில் வாழ்வு பெற்றனர்.

பின்னர்க் கணினி வந்தது. இங்கே விசையின் மேல் எழுத்து நிலையாக ஒட்டியிருப்பதில்லை. எந்த விசைக்கு எவ்வெழுத்து என்பதை மென்பொருள் முடிவு செய்கிறது. இவ்வுரிமை முதலில் குழப்பத்தையே விளைத்தது. எழுத்துருவை ஆக்கியோர் ஆளுக்கொரு விசைப்பலகையை வகுத்தனர். ஓரிடத்தில் கற்றவர் மற்றோரிடத்தில் கல்லாதவரானார். இந்நிலையை நீக்க, 1999-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னையில் நிகழ்ந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி, ‘தமிழ் 99’ என்னும் பொதுப் பலகை உருவாயிற்று. அதில் உயிர்கள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்தன. ‘அம்மா’ என்று எழுத, அ, ம, ம, ஆ என நான்கு விசைகளே போதும். இடையிலுள்ள புள்ளியை மென்பொருளே இட்டுக்கொள்ளும். பழைய தட்டச்சிலோ ஐந்து விசைகள் வேண்டும். ஆயினும் பழைய முறையில் கைபழகியோர் பலர் அதனை விடவில்லை. பழக்கம் என்பது எளிதில் பெயர்த்து நடத்தக்க செடி அன்று.

இதே வழக்கு இணைய உலாவியிலும் எழுந்தது. உலாவி என்பது இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருள். 1990-ஆம் ஆண்டு டிம் பெர்னர்ஸ் லீ முதல் உலாவியை இயற்றினார். 1993-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து ‘மொசைக்’ வெளிவந்தது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் திறக்கப்பட்டது 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள். முன்செல்ல, பின்செல்ல, முகப்பை அடைய எனச் சில பொத்தான்கள் உலாவியின் தலைப்பகுதியில் வரிசையாக நின்றன. 2002-ஆம் ஆண்டு ‘பீனிக்ஸ்’ என்னும் பெயரில் தோன்றி, 2004-இல் ‘பயர்பாக்ஸ்’ எனப் பெயர் பெற்ற உலாவி, அவ்வரிசையை ஆள்வோர் கையில் ஒப்படைத்தது. வேண்டும் பொத்தானை இழுத்து வைக்கலாம், வேண்டாததை அகற்றலாம். 2014-ஆம் ஆண்டு ஏப்ரலில் அதன் தோற்றம் பெரிதும் மாற்றப்பட்டபோது, பழைய அமைப்புக்குப் பழகியோர் சிலர் மனம் வருந்தினர். தட்டச்சில் கண்ட அதே வருத்தம் இது.

எங்கள் கெங்கவல்லிப் பகுதியில் மாடுகட்டி உழுத காலத்தில், ஏர்க்காலை நுகத்தடியில் பிணைக்கும்போது மாட்டின் உயரத்தையும் மண்ணின் தன்மையையும் நோக்கி உழவர் முன்பின் தள்ளிக் கட்டுவர். ஏரைச் செய்த தச்சர் அதற்காகச் சினப்பதில்லை. ஆயின் ஒரே கணினியைப் பலர் ஆளும் பள்ளியில், ஒரு மாணவன் மாற்றிவைத்த பொத்தானைத் தேடி அடுத்தவன் திகைப்பான். கண்பார்வை குறைந்த முதியவர்க்கும், புதிதாகக் கற்போர்க்கும் பொத்தான் நேற்றிருந்த இடத்தில் இன்றும் இருப்பது பெரிய துணை. முதியவர் ஒருவர் பொத்தானைக் காணாமல் தம் ஓய்வூதியக் கணக்கைப் பார்க்கப் பிறர் கையை நாடுவாராயின், அங்குக் குறைவது வசதி மட்டுமன்று. அவருடைய தன்னுரிமையும் குறைகிறது.

எனவே பொது ஒழுங்கும் தனி உரிமையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. பயர்பாக்ஸில் பொத்தான்களை மாற்றும் பக்கத்திலேயே, அனைத்தையும் தொடக்க நிலைக்கு மீட்கும் பொத்தானும் உண்டு. விரும்பியவாறு மாற்றவும், தடுமாறினால் பொதுநிலைக்குத் திரும்பவும் வழி வைத்தமை நல்ல ஏற்பாடு. கற்பிக்கும்போது பொது வரிசையைக் கற்பிப்போம். கற்றுத் தேர்ந்தபின் அவரவர் கைக்கேற்ப மாற்றிக்கொள்ள இடங்கொடுப்போம். கருவி மனிதனுக்குப் பணிசெய்யவே உள்ளது.