ஊவாத் தோட்டங்களில் குடும்ப ஜீவனம்

பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகலை, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை என்று பதுளையைச் சூழ விரிந்து கிடக்கும் தோட்டங்களின் சரித்திரத்தை எழுதியவர்கள் பெரும்பாலும் தேயிலையின் சரித்திரத்தையே எழுதினார்கள். 1890இல் லிப்டன் துரை தம்பேதென்னைத் தோட்டத்தை வாங்கியதும், 1894இல் ரயில் பண்டாரவளையை எட்டியதும், அதே ரயில் பதுளைக்கு வந்து சேர 1924 வரை ஆனதும் விவரமாகப் பதிவாகியிருக்கின்றன. அந்தத் தேயிலையைக் கிள்ளிய கைகள் மாலையில் அடுப்பு மூட்டி ஒன்பது பேருக்கும் பத்துப் பேருக்கும் எவ்வாறு சோறிட்டன, அந்தச் சோற்றுக்கு விலை வைத்தவர் யார் என்பதை மட்டும் எவரும் ஓரிடத்தில் சேர்த்து எழுதவில்லை. தோட்டத்துக் குடும்பத்தின் வரவும் செலவும் அந்தக் குடும்பத்தின் சொந்த விஷயமாக இருந்ததே இல்லை. ஆதியிலிருந்தே அது கங்காணியின் கையிலும் துரையின் புத்தகத்திலும் இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

கோப்பிக் காலத்திலும் பின்பு தேயிலைக் காலத்திலும், திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலான ஜில்லாக்களிலிருந்து ஜனங்களைத் திரட்டி வந்த கங்காணி, அவர்கள் ஊரில் பட்ட கடனைத் தீர்க்கவும் பிரயாணத்துக்கும் முன்பணம் கொடுத்தான். ஆகவே ஒரு குடும்பம் ஊவா மலையில் முதல் நாள் மண்வெட்டியைத் தொடும்போதே அதன் பேரில் பற்று எழுதப்பட்டிருந்தது. அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று உறவு முறையாகவே ஆட்கள் வந்தமையால், ஒருவர் பட்ட கடன் மற்றவர் தலையிலும் இறங்கியது. வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், கடன் தொகையைக் குறித்த 'துண்டு' என்ற கடிதத்தைக் கங்காணி பெற வேண்டும். புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டினால் ஆட்கள் அங்கே போகலாம், கட்டிய தொகையோ மறுபடியும் அவர்கள் கணக்கிலேயே ஏறும். 1921இல் சட்டம் இந்தத் துண்டு முறையை ஒழித்தது. துண்டு போனாலும் கடன் வாங்க வேண்டிய நிலைமை போகவில்லை.

கடனுக்கு அடுத்தபடியாக அரிசி. ரயில் வருவதற்கு முன் ஊவாவுக்கு அரிசி மாட்டு வண்டிகளில் மலைக் கணவாய் ஏறி வர வேண்டியிருந்தது. மழைக் காலத்தில் பாதை கெட்டால் வண்டிகள் நாட்கணக்கில் வழியிலே நின்றன. அந்த அரிசியைத் தோட்டமே தருவித்து, அளந்து கொடுத்து, விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. சம்பளமோ மாதங்கள் கழித்துத்தான் பைசல் செய்யப்பட்டது. காசைக் கண்ணால் காணாமலே பல மாதம் உழைத்து உண்ட குடும்பங்கள் அந்தக் காலத்தில் ஏராளம்.

1927ஆம் வருஷத்துச் சட்டத்தின் பிரகாரம் 1929இல் குறைந்தபட்சச் சம்பளம் நிர்ணயமானபோது, மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் பிள்ளைக்கு 32 சதமும் விதிக்கப்பட்டன. அரிசி ஒரு புசல் 6 ரூபாய் 40 சதத்துக்கு மேல் போகக்கூடாது என்று ஏற்பாடு. ஒரு புசலுக்கு 32 கொத்து ஆகையால் கொத்து 20 சதம் ஆகிறது. தாயும் தகப்பனும் ஒரு பையனும் வேலைக்குப் போகிற ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மூவருக்கும் பேர் விழுந்தால், அதாவது ஒரு நாள் வேலை பதிவானால், அன்றைய வரவு 1 ரூபாய் 29 சதம். வீட்டில் கிழவியும் கைக்குழந்தையும் உட்பட ஒன்பது வயிறு இருக்குமானால் நாலு கொத்து அரிசியாவது வேண்டும். அதற்கு 80 சதம். எஞ்சிய 49 சதத்தில் மிளகாய், உப்பு, கருவாடு, தேங்காய், மண்ணெண்ணெய், துணி, கம்பளி, கோயில் வரி, வண்ணார் நாவிதர் கூலி, ஊரிலிருக்கும் தாயாருக்கு அனுப்பவேண்டிய பணம் யாவும் அடங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பேர் இல்லை; காய்ச்சலில் படுத்தால் பேர் இல்லை; நேரம் தப்பிப் பெரட்டு என்ற காலை ஆள்கணக்குக்குப் போனால் அரைப்பேர், சில சமயம் அதுவும் இல்லை. பசி மட்டும் மாதத்தில் முப்பது நாளும் தவறாமல் வந்தது. சில வருஷத்துக்குள்ளாகவே உலகச் சந்தையில் தேயிலை விலை விழ, அரிசி விலையையும் குறைத்துச் சம்பளத்தையும் குறைத்தார்கள்.

இந்தக் கணக்கை நாள்தோறும் தீர்த்து வைத்தவள் காம்பராவின் தாய். லயம் என்ற வரிசைக் குடியிருப்பில் பன்னிரண்டடிக்குப் பத்தடி அளவான ஒற்றை அறைதான் காம்பரா. முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு. அதன் ஒரு மூலையில் அடுப்பு. இருள் பிரியாத வேளையில் வேலைக்கு எழுப்பும் தப்புச் சத்தம் கேட்குமுன் அவள் எழுந்து, செடி கத்தரித்த கவ்வாத்து மலையிலிருந்து சுமந்து வந்து கூரையடியில் செருகி வைத்த மிளாற்றை முறித்து நெருப்பு மூட்டுவாள். தேயிலைச் செடியின் மிளாறு வைரம் பாய்ந்த கட்டை. பற்றிக்கொள்ளச் சிறிது நேரம் பிடித்தாலும் பிடித்தபின் நின்று எரியும், விறகுக்குக் காசு வேண்டியதில்லை. கோதுமை மாவுக்குத் தேங்காய்ப் பூவை அளந்து போட்டுப் பிசைவாள். அரைமூடித் தேங்காயில் பாதி ரொட்டிக்கு, பாதி சம்பலுக்கு. பத்துப் பேருக்கு அந்த அரைமூடியைக் காணச் செய்வதில் இருந்த சாமர்த்தியத்தை நேரில் பார்த்தவர்களே அறிவார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்குத் தடித்த ரொட்டி, பள்ளிப் பிள்ளைகளுக்கு மெல்லியது, தனக்குக் கடைசியாகக் கல்லில் ஒட்டிக் கருகியது. பின்னர் சாயத்தண்ணியை வார்த்துக் கையில் ஒரு சிட்டிகைச் சீனியை வைத்து நக்கிக் குடிப்பார்கள். சீனியைத் தண்ணீரில் கலக்கினால் இரட்டிப்பாகச் செலவாகும் அல்லவா?

பெரிய குடும்பம் இந்த ஜனங்களுக்குப் பாரமாக இருந்ததென்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எளிதில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் தோட்டம் ஆளுக்கு ஆள் பேர் போட்டுத்தான் கூலி கொடுத்தது. கூலி ஒருவன் குடும்பத்தைக் காப்பாற்றப் போதுமா என்று அது பார்க்கவில்லை. ஆகையால் ஒரு காம்பராவிலிருந்து எத்தனை பேர் மலைக்குப் போகிறார்கள் என்பதே அந்தக் காம்பராவின் செல்வம். கைக்குழந்தைகள் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் இருந்தன. சற்றுப் பெரிய பெண்பிள்ளை தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டு பள்ளிக்கூடத்தை விட்டாள். வேலைப் பதிவிலிருந்து பேர் வெட்டப்பட்ட கிழவன் லயத்துக்குப் பின்னால் சின்னப் பாத்தி கொத்தி பீன்ஸும் முருங்கையும் போட்டு, ஒரு பசுவையும் மேய்த்தான். தள்ளாத காலத்தில் வேறு ஆதாரமில்லாத நாட்களில், பிள்ளைகளின் பேரே கிழவனுக்கும் கிழவிக்கும் உபகாரச் சம்பளம். ஊழியர் சேமலாப நிதி வந்தது 1958இல்தான்.

ஊவாவுக்கென்று ஒரு விசேஷக் கஷ்டமும் உண்டு. ஆடி, ஆவணி மாதங்களில் மலையைத் தாண்டி வறண்டு வீசும் கச்சான் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு அந்தப் பேர்பெற்ற மணம் கூடுகிறது. கொழும்பு ஏலத்தில் அதற்கு உயர்ந்த விலையும் கிடைக்கிறது. அதே காற்றில் செடி வாடிக் கொழுந்து சுருங்குவதால் கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் நிறுவை குறைகிறது. வேலை நாளும் குறைகிறது. மேலதிக வேலைக் கூலியான கைக்காசுக்கு எடுக்கக் கொழுந்தே இருப்பதில்லை. உலகத்தின் சிறந்த தேயிலை ஊவாவிலிருந்து புறப்படும் மாதங்களில் ஊவாவின் லயங்களில் கடைக்காரனின் பற்றுப் புத்தகம் தடித்தது. பாத்திரமும் தோடும் அடகுக்குப் போவதும் அப்பொழுதுதான்.

சம்பள நாளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மேசைக்கு முன் வரிசையாக நின்று பேர் கூப்பிட்டதும் கை நீட்டும் அந்தக் காட்சியில், கொழுந்தெடுத்த பெண்ணின் சம்பளத்தைப் பல தோட்டங்களில் தகப்பனோ புருஷனோ வாங்கிக்கொண்டான். நாளெல்லாம் கூடை சுமந்தவள் தன் உழைப்பின் தொகையை வீட்டுக்குப் போய்க் கேட்டறிய வேண்டியிருந்தது. இதைப் பழக்கம் என்று சொல்லித் தோட்ட நிர்வாகங்கள் விட்டுவைத்தது எனக்கு ஒருபோதும் நியாயமாகப் படவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்ற நிலை 1984இல்தான் ஏற்பட்டது. அதற்குள் எத்தனையோ தலைமுறைப் பெண்கள் குறைந்த கூலிக்கு அதிக நேரம் உழைத்து மறைந்துவிட்டார்கள்.

யுத்த காலத்தில் பர்மா அரிசி நின்று 1942இல் பங்கீடு வந்தது. கோதுமை மா லயத்து அடுப்பில் நிலைத்ததும் அக்காலத்தில்தான். 1964இல் தோட்டத் தமிழரின் பிரஜாவுரிமையை இரு நாடுகளுக்கும் பங்கிட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டதும் கூட்டுக் குடும்பத்தின் கணக்கே முறிந்தது. ஒரே காம்பராவில் அண்ணனுக்கு இந்தியப் பிரஜாவுரிமை, தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று தாள்கள் வந்தன. ஐந்து பேர் இட்ட பேரில் தின்ற குடும்பத்திலிருந்து மூவர், இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களை ஏற்றிச் சென்ற 'ஒப்பாரிக் கோச்சி' ரயிலில் ஏறிய பிறகு, மிஞ்சியவர்கள் வயோதிகர்களையும் பழைய கடனையும் சுமந்தார்கள். 1973, 74ஆம் வருஷத்துப் பஞ்சத்தில், பங்கீட்டு மாவும் சீனியும் சுருங்கி, வேலை நாளும் குறைந்து, தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பட்டினங்களின் தெருக்களில் பிச்சைக்கு நின்ற தாய்மார்களை அக்காலத்து மனிதர்கள் இன்றும் நினைவுகூருகிறார்கள்.

தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாகி, 1992இல் கம்பெனிகளின் நிர்வாகத்துக்கு மாறின. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று 2021இல் தீர்மானமாயிற்று. இப்போது ஒரு காம்பராவிலிருந்து மலைக்குப் போகிறவர் பெரும்பாலும் ஒருவரே. மகன் கொழும்பில் கடையிலும், மகள் ஆடைத் தொழிற்சாலையிலோ வளைகுடா நாட்டிலோ. நாட்சம்பளம் எவ்வளவு என்று பத்திரிகையில் வருகிறது. மாதத்தில் எத்தனை நாள் வேலை என்பதைக் கொழுந்தும் கம்பெனியும் தீர்மானிக்கின்றன. சம்பளச் சீட்டில் சேமலாப நிதி, சங்கச் சந்தா, கோயில் காசு, கடன் தவணை என்று கழிவுகள் இன்றும் வரிசையாக இறங்குகின்றன. தீபாவளிக்கு வாங்கிய முற்பணம், புது உடுப்பு வெளுத்த பிறகும் மாதந்தோறும் பிடிக்கப்படுகிறது.