மூன்று சக்கரத் தள்ளுவண்டி: வாங்குமுன் என்ன பார்க்கணும்?

"கடைத்தொகுதியில நல்லா ஓடுது. மண்பாதைக்குப் போனா பிள்ளை குலுங்குது!"

இப்படிச் சொல்லும் பெற்றோரா நீங்கள்? மூன்று சக்கரத் தள்ளுவண்டி கைகொடுக்கலாம்.

என்ன வித்தியாசம்?

சக்கரங்கள் பெரியவை. கைப்பிடியைச் சற்று அழுத்தினால் முன்சக்கரம் எழும்பி, வேர், கல் மீது ஏறிவிடும். ஆனால் வேகமாகத் திரும்பினாலோ நடைபாதை விளிம்பில் சாய்வாக இறங்கினாலோ பக்கவாட்டில் கவிழலாம்.

எங்கே நடப்பீர்கள்?

- ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் சமமான பாதைக்குச் சாதாரண வண்டியே போதும்.
- பழைய ரயில் தடத்தில் அமைந்த 24 கிலோமீட்டர் பசுமைப் பாதையில் சரளைக்கல் பகுதிகள் உண்டு. அங்கே காற்றடைத்த டயர் குலுக்கலைக் குறைக்கும். பஞ்சர் ஆகலாம்; சிறிய பம்ப் வைத்துக்கொள்ளுங்கள்.
- படிக்கட்டு நிறைந்த காட்டுப்பாதையா? குழந்தையைச் சுமக்கும் பையே நல்லது.

கடையில் சோதித்துப் பாருங்கள்

- முன்சக்கரத்தைப் பூட்ட முடிகிறதா? கரடுமுரடான பாதையில் பூட்டணும்.
- ஐந்து முனை வார், மணிக்கட்டு வார் இருக்கா?
- மடித்தால் கார் பின்பெட்டிக்குள் போகுமா?

2017 ஏப்ரல் முதல் பொதுப் பேருந்தில் தள்ளுவண்டியை மடிக்காமல் ஏற்றலாம். ஆனாலும் அகலத்தை அளந்துகொள்ளுங்கள்.

கவனம்!

ஆறு மாதமாவது ஆகாத குழந்தையுடன் ஓட வேண்டாம், கழுத்து தாங்காது. வெயிலுக்காக வண்டியைத் துணியால் மூடாதீர்கள். உள்ளே வெப்பம் கூடிவிடும்.