19 ஆண்டுகள், 6 படங்கள்: நார்வே இயக்குநர் யோவாக்கிம் ட்ரியர் ஏன் அவசரப்படுவதே இல்லை?

ஒரு பத்திரிகை அலுவலகத்தில் வேலைக்கான இன்டர்வியூ. பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. ரெஸ்யூமேவில் சில வருடங்கள் காலியாக இருக்கே, அப்போ என்ன செய்தீர்கள் என்று கேட்கிறார் எடிட்டர். போதைப் பழக்கத்தில் இருந்தேன் என்று உண்மையைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறான் 34 வயது ஆண்டர்ஸ். ரெஸ்யூமே குப்பைத் தொட்டிக்குப் போகிறது.

2011-ல் வந்த ‘ஓஸ்லோ, ஆகஸ்ட் 31’ படத்தின் காட்சி இது. இயக்கியவர் யோவாக்கிம் ட்ரியர். உங்களில் பலருக்கு ‘த வொர்ஸ்ட் பெர்சன் இன் த வேர்ல்ட்’ (2021) அல்லது ‘சென்டிமென்டல் வேல்யூ’ (2025) வழியாக அவரைத் தெரிந்திருக்கும். “நான் லேட்டாகிட்டேனோ?” என்ற பயம்தான் அவருடைய பல படங்களுக்குக் கதைக்களம். அவருடைய கேரியர் எப்படிப் போனது என்று பார்ப்போம்.

யார் இவர்?

1974-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் பிறந்தார், வளர்ந்தது நார்வேயின் ஓஸ்லோவில். அப்பா சினிமா ஒலிப்பதிவுக் கலைஞர். தாத்தா எரிக் லோக்கனின் படம் 1960-ல் கான் விழாவின் போட்டிப் பிரிவுக்கே போயிருக்கிறது.

ஆனால் ட்ரியர் முதலில் பெயர் வாங்கியது ஸ்கேட்போர்டில், தேசிய சாம்பியனாக. நார்வேயில் 1978 முதல் 1989 வரை ஸ்கேட்போர்டுக்குத் தடை இருந்தது என்பது இதில் சுவாரஸ்யம். நண்பர்கள் ஸ்கேட் செய்வதைப் படம்பிடித்துத்தான் கேமரா பழகினார். பிறகு பிரிட்டனின் தேசியத் திரைப்பட, தொலைக்காட்சிப் பள்ளியில் படித்தார்.

எண்கள் என்ன சொல்கின்றன?

முதல் படம் ‘ரிப்ரைஸ்’ 2006-ல் வந்தபோது அவருக்கு வயது 32. அடுத்து ‘ஓஸ்லோ, ஆகஸ்ட் 31’ (2011), ‘லவுடர் தேன் பாம்ப்ஸ்’ (2015), ‘தெல்மா’ (2017), ‘வொர்ஸ்ட் பெர்சன்’ (2021), ‘சென்டிமென்டல் வேல்யூ’ (2025). சராசரியாக 3.8 ஆண்டுகளுக்கு ஒரு படம்.

இன்னொரு கணக்கும் முக்கியம். 6 படங்களுக்கும் அவருடன் சேர்ந்து திரைக்கதை எழுதியவர் ஒருவரே: எஸ்கில் வோக்ட். 6-ல் 4 படங்கள் கான் விழாவில் திரையிடப்பட்டன.

இடைவெளியில் என்ன நடக்கிறது?

பெரும்பகுதி எழுத்து வேலை. ட்ரியரும் வோக்ட்டும் மாதக்கணக்கில் ஒரே அறையில் உட்கார்ந்து பேசிப் பேசி எழுதுபவர்கள். நடுவில் வோக்ட் தனியாகவும் படம் இயக்குகிறார். ‘ரிப்ரைஸ்’, ‘ஓஸ்லோ’, ‘வொர்ஸ்ட் பெர்சன்’ மூன்றிலும் நடித்த ஆண்டர்ஸ் டானியல்சன் லீ நிஜத்தில் ஒரு டாக்டர். கொரோனா காலத்திலும் மருத்துவப் பணியில் இருந்தவர். இந்தக் குழுவில் சினிமாவைத் தவிர வேறு வாழ்க்கையும் இருப்பவர்கள் உண்டு.

சறுக்கல் இல்லையா?

இருந்தது. இரண்டு நார்வேஜியப் படங்களுக்குப் பிறகு இசபெல் ஹூப்பேர், ஜெஸ்ஸி ஐசன்பெர்க் போன்ற நட்சத்திரங்களோடு ‘லவுடர் தேன் பாம்ப்ஸ்’ படத்தை ஆங்கிலத்தில் எடுத்தார். விமர்சனங்கள் கலவையாகவே வந்தன. அடுத்து அமானுஷ்ய சக்தி கொண்ட கல்லூரி மாணவியின் கதையான ‘தெல்மா’வோடு நார்வேக்கும் தன் மொழிக்கும் திரும்பினார். அதற்கடுத்து வந்ததுதான் அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோன ‘வொர்ஸ்ட் பெர்சன்’.

அதன் நாயகி ஜூலி மருத்துவம் படிக்கிறாள், பிறகு உளவியல், அப்புறம் போட்டோகிராபி. 30 வயதாகியும் எதிலும் நிற்கவில்லை. நடித்த ரெனாட்டே ரைன்ஸ்வே, ‘ஓஸ்லோ’ படத்தில் ஒரு சின்ன வேடத்தில் வந்து போனவர். 10 வருஷம் கழித்து, நடிப்பையே விட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் இந்த வாய்ப்பு வந்தது. கானில் சிறந்த நடிகை விருது வாங்கினார். படத்துக்கு 2 ஆஸ்கர் பரிந்துரைகள்.

‘சென்டிமென்டல் வேல்யூ’ எதைப் பற்றி?

வருடக்கணக்கில் படமே எடுக்காத ஒரு முதிய இயக்குநர், நடிகையான தன் மகளை நடிக்கவைக்க ஒரு கதையோடு வருகிறார். சினிமாவுக்காகக் குடும்பத்தை விட்டுப் போன அப்பா அவர். மகள் மறுத்துவிடுகிறாள். வேலைக்குக் கொடுத்த வருடங்களை வீட்டில் யார் ஈடுகட்டுவது என்ற கேள்வியைப் படம் விடாமல் கேட்கிறது. கான் 2025-ல் இரண்டாவது உயரிய விருதான கிராண்ட் பிரி இதற்குத்தான்.

அப்போ நாமும் மெதுவாகப் போகலாமா?

அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. ட்ரியருக்கு சினிமாக் குடும்பம் இருந்தது. நார்வே திரைப்பட நிறுவனம் என்ற அரசு அமைப்பு பொதுப் பணத்தில் படங்களுக்கு நிதி தருகிறது. பல நாடுகளின் கூட்டுத் தயாரிப்பும் கைகொடுக்கிறது. இஎம்ஐ கட்டும் ஒருவர் 4 வருஷம் காத்திருப்பது வேறு விஷயம். பொறுமைக்கும் ஒரு பட்ஜெட் தேவை, அதை யாராவது கொடுக்க வேண்டும்.

ஆனால் அவர் கேரியரில் ஒரு பகுதிக்குக் காசு தேவையில்லை: கூட இருப்பவர்களை மாற்றிக்கொண்டே இருக்காதது. சறுக்கிய படத்துக்குப் பிறகும் அதே வோக்ட்டோடுதான் மறுபடி எழுத உட்கார்ந்தார்.

எங்கே தொடங்குவது? 30-ஐ நெருங்குகிறவர் என்றால் ‘வொர்ஸ்ட் பெர்சன்’. அப்பாவிடம் ரொம்ப நாளாகப் பேசவில்லை என்றால் ‘சென்டிமென்டல் வேல்யூ’. ‘ஓஸ்லோ’ கனமான படம், மனசு தெம்பாக இருக்கும் நாளில் பாருங்கள்.