மெல்வின்ஸ்: தொடக்க ஆண்டுகள் (1983–1993)

மெல்வின்ஸ், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பிறந்த ராக் இசைக்குழு. 1983-இல் மான்டிசானோ என்ற சிற்றூரில் பஸ் ஆஸ்போர்ன் (கிட்டார், குரல்), மாட் லூக்கின் (பேஸ் கிட்டார்), மைக் டில்லார்ட் (டிரம்ஸ்) ஆகிய மூவரும் இதைத் தொடங்கினர். ஆஸ்போர்ன் வேலை பார்த்த திரிஃப்ட்வே மளிகைக் கடையில் மெல்வின் என்றொரு மேலாளர் இருந்தார். ஊழியர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. கேலிக்காக அந்தப் பெயரையே குழுவுக்குச் சூட்டினார்கள். அதே கடையின் வண்டி நிறுத்துமிடத்தில் அவர்கள் வாசித்ததைக் கேட்டவர்களில், பிறகு நிர்வாணா குழுவைத் தொடங்கிய கர்ட் கோபேனும் ஒருவர். பங்க் இசையை அன்றுதான் கண்டுகொண்டதாக அவர் பின்னாளில் எழுதிவைத்தார்.

1984-இல் டில்லார்டின் இடத்துக்கு அபர்டீன் ஊரிலிருந்து டேல் குரோவர் வந்தார். அவருடைய பெற்றோர் வீட்டின் பின்னறையே ஒத்திகைக் கூடமாயிற்று. மற்ற பங்க் குழுக்களைப் போல வேகமாக வாசித்துக்கொண்டிருந்த குழு, இந்தக் காலத்தில்தான் நடையைத் தளர்த்தியது. பிளாக் ஃபிளாக் குழு 1984-இல் வெளியிட்ட 'மை வார்' இசைத்தட்டின் மெதுவான இரண்டாம் பக்கமும், அதற்கு முந்தைய பிளாக் சாபத் குழுவின் இசையும் இதற்கு வழிகாட்டின. வேகத்தோடு சுருதியும் இறங்கியது: கிட்டாரின் தடித்த ஆறாம் தந்தியை ஒரு முழுச்சுரம் தளர்த்தினால், ஒரே விரலை மூன்று தந்திகளின் மேல் படுக்கவைத்துக் கனமான ஒலிக்கட்டைப் பெறலாம். இந்தச் சுருதியமைப்பைச் சவுண்ட்கார்டன் குழுவின் கிம் தாயில் அறிந்துகொண்டது ஆஸ்போர்னிடமிருந்துதான். பிறகு அது சியாட்டில் இசையின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

1986-இல் சி/இசட் இசைத்தட்டு நிறுவனத்தின் 'டீப் சிக்ஸ்' தொகுப்பில் கிரீன் ரிவர், சவுண்ட்கார்டன் உள்ளிட்ட ஐந்து குழுக்களோடு மெல்வின்ஸும் இடம்பெற்றது. முதல் முழு ஆல்பமான 'குளூயி போர்ச் டிரீட்மென்ட்ஸ்' 1987-இல் ஆல்கெமி நிறுவனத்தில் வந்தது. அதன் முதல் பாடல் ஆறு நிமிடம் ஊர்ந்து செல்லும். அடுத்து வருபவை பலவும் ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். மெதுவான, கனமான ஸ்லட்ஜ் மெட்டல் என்ற இசைப் பிரிவுக்கு இதையே மூலம் எனலாம்.

1988-இல் ஆஸ்போர்னும் குரோவரும் சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தனர். உடன் செல்லாத லூக்கின், சியாட்டிலில் மட்ஹனி குழுவில் சேர்ந்தார். அவருக்குப் பதிலாக வந்த லோரி பிளாக், ஹாலிவுட்டின் பழைய குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளின் மகள். இந்த மூவர் போனர் நிறுவனத்துக்காக 'ஓஸ்மா' (1989), 'புல்ஹெட்' (1991) ஆகிய ஆல்பங்களைப் பதிவுசெய்தனர். 'புல்ஹெட்' ஆல்பத்தின் முதல் பாடல் 'போரிஸ்'. எட்டு நிமிடத்துக்கு மேல் நீளும் இந்தப் பாடலில் டிரம்ஸின் ஒவ்வோர் அடிக்கும் இடையில் கேட்பவர் காத்திருக்க வேண்டும். குழு எதற்காக வேகத்தைக் கைவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. ஜப்பானின் போரிஸ் குழு இதிலிருந்தே தன் பெயரை எடுத்துக்கொண்டது.

புகழ் மட்டும் பக்கத்து வீட்டுக்குப் போனது. நிர்வாணாவின் 1988 ஜனவரி மாதிரிப் பதிவில் டிரம்ஸ் வாசித்தவர் குரோவர். 1990-இல் டிரம்ஸ் கலைஞர் டேவ் குரோலை அந்தக் குழுவுக்கு அறிமுகப்படுத்தியவர் ஆஸ்போர்ன். நிர்வாணாவின் வெற்றிக்குப் பிறகுதான் பெரிய நிறுவனங்களின் பார்வை மெல்வின்ஸ் பக்கம் திரும்பியது. 1993-இல் அட்லான்டிக் வெளியிட்ட 'ஹூடினி'யுடன் அவர்களுடைய சிறு நிறுவனக் காலம் முடிந்தது. அட்லான்டிக்குடனான உறவும் மூன்றே ஆல்பங்களில் முறிந்தது. குழு மீண்டும் சிறு நிறுவனங்களுக்கே திரும்பியது.