யூ.எஸ்.பி. வேகமும் பென் டிரைவ் சோதனையும்

யூ.எஸ்.பி. என்பது கணினியோடு துணைக்கருவிகளை இணைக்கும் பொதுத் தரம். 1996-இல் வந்த முதல் பதிப்பின் உச்ச வேகம் நொடிக்கு 12 மெகாபிட். 2000-இல் வந்த 2.0 அதை 480 மெகாபிட்டாகவும், 2008-இல் வந்த 3.0 அதை 5 ஜிகாபிட்டாகவும் உயர்த்தின. 3.0 பின்னாளில் ‘3.1 ஜென் 1’ என்றும், ‘3.2 ஜென் 1’ என்றும் பெயர் மாறியது. ஆகவே உறையில் 3.2 என்று அச்சிட்டிருப்பதால் மட்டும் பென் டிரைவ் வேகமானதாகிவிடாது. இந்த எண்கள் போர்ட்டின் உச்சவரம்பை மட்டுமே சொல்கின்றன. பென் டிரைவின் உண்மையான வேகம், குறிப்பாக எழுதும் வேகம், அதற்குள் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தையும் கன்ட்ரோலரையும் பொறுத்தது.

480 மெகாபிட் என்பது கணக்குப்படி 60 மெகாபைட். தகவல் பரிமாற்ற நெறிமுறைக்கான செலவு போக, நடைமுறையில் கிடைப்பது 30 முதல் 40 மெகாபைட்தான். 3.0-இல் ஒவ்வொரு 8 பிட்டும் 10 பிட்டாக அனுப்பப்படுவதால் உச்சவரம்பு 625 அல்ல, 500 மெகாபைட். ஆனால் விலை மலிவான 3.0 டிரைவ்கள் பல, எழுதும்போது 20 மெகாபைட்டைக்கூடத் தொடுவதில்லை. ஃபிளாஷ் நினைவகத்தில் பழைய தரவின் மேலேயே புதியதை எழுத முடியாது. ஒரு தொகுதி முழுவதையும் அழித்த பிறகே எழுத வேண்டும். ஒரே செல்லில் 3 பிட்களைத் திணிக்கும் டி.எல்.சி. வகையில் எழுதுவது இன்னும் மெதுவாக நடக்கும். வாசிப்பில் இந்தத் தொல்லை இல்லாததால், உறையில் பெரிதாகப் போடப்படுவது பெரும்பாலும் வாசிப்பு வேகமே. அப்படியானால் போர்ட் முக்கியமில்லையா என்று கேட்கலாம். 150 மெகாபைட்டில் வாசிக்கக்கூடிய டிரைவை 2.0 போர்ட்டில் செருகினால் 40-ஐத் தாண்டாது. வேகமான டிரைவுக்குத்தான் போர்ட் தடையாகிறது.

நகலெடுக்கும்போது திரையில் தெரியும் வேகமே போதாதா என்பது அடுத்த கேள்வி. இயங்குதளம் தரவை முதலில் ரேமில் வாங்கி வைத்துக்கொள்ளக்கூடும்; லினக்ஸில் பட்டை நிரம்பிய பிறகும், டிரைவைப் பாதுகாப்பாக நீக்கச் சொன்னால் காத்திருக்க நேர்வது அதனால்தான். கிரிஸ்டல்டிஸ்க்மார்க் போன்ற மென்பொருள்கள் தொடர் வேகத்தையும், 4 கிலோபைட் துண்டுகளைச் சிதறலாகக் கையாளும் வேகத்தையும் தனித்தனியே அளக்கின்றன. ஆனால் 1 ஜிகாபைட் அளவிலான சோதனை, சில டிரைவ்களில் உள்ள வேகமான தற்காலிகப் பகுதிக்குள்ளேயே முடிந்துவிடலாம். எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்றவை டிரைவை முழுக்க நிரப்பி, எழுதியதைத் திரும்ப வாசித்துச் சரிபார்க்கின்றன. போலிக் கொள்ளளவும் இதில் அம்பலமாகும். முழுதாக நிரப்பினால் ஆயுள் குறையாதா என்றால், ஒரு முறை நிரப்புவது நினைவகம் தாங்கும் பல நூறு சுற்றுகளில் ஏறத்தாழ ஒன்று மட்டுமே.

எனவே பென் டிரைவ்களை ஒப்பிடுவோர் ஒரே போர்ட்டில், ஒரே கோப்புகளை, நீண்ட நேரம் எழுதிப் பார்த்தே வேகத்தை முடிவு செய்ய வேண்டும்.