தோமாவின் நகரில் ஓர் இரவு நடை

ஆண்டுதோறும் தை பிறந்ததும் சென்னையின் தென்கரையில் விந்தையானதொரு ஊர்வலம் தொடங்குகிறது. அதில் கொடியும் இல்லை, மேளமும் இல்லை, விளக்கும் இல்லை. நள்ளிரவை ஒட்டி நீலாங்கரையில் கூடும் சிலர், வழிகாட்டி ஒருவரின் பின்னே ஈரமணலில் வடக்கு நோக்கி நடக்கின்றனர். ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நடந்து, விடியுமுன் அன்னை வேளாங்கண்ணியின் ஆலயம் அமைந்துள்ள பெசன்ட் நகர்க் கரையை அடைகின்றனர். முட்டையிடக் கரையேறும் பங்குனி ஆமையைத் தேடியே இந்த நடை. இதற்கு 50 ஆண்டு வரலாறு உண்டு. திருத்தூதர் தோமாவைத் தன் மரபில் தாங்கி நிற்கும் இந்நகரின் இறைமக்கள் அவ்வரலாற்றிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதும் உண்டு.

பங்குனி ஆமை ஏறத்தாழ இரண்டடி நீளமும் 40 கிலோ அளவு எடையும் உடையது. வாழ்நாளெல்லாம் கடலில் கழிக்கும் இவ்வினத்தில் பெண் ஆமை மட்டும், தான் பிறந்த கரைப்பகுதியைத் தேடி இரவில் கரையேறுகிறது. பின் துடுப்புகளால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடம் போன்ற குழி பறித்து, 100 முதல் 120 வரை முட்டைகளை இடுகிறது. பிறகு மணலால் மூடி, தன் உடலாலேயே தட்டி இறுக்கிவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது. இவையெல்லாம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். தன் மக்களைக் காண அது மீண்டும் வருவதில்லை. 45 முதல் 60 நாள் வரை மணலின் வெம்மையே முட்டைகளை அடைகாக்கிறது. பின்னர்க் குஞ்சுகள் ஒருசேர மணலைப் பிளந்துகொண்டு வெளிவந்து, அடிவானில் ஒளி மிகுந்த திசையை நோக்கி ஓடுகின்றன. மனிதன் கரையில் விளக்கேற்றாத காலத்தில் அத்திசை எப்போதும் கடலாகவே இருந்தது.

1970களின் தொடக்கத்தில், இம்முட்டைகளை உணவுக்காக மனிதர் தோண்டி எடுத்தனர். எஞ்சியவற்றை நாய்களும் நரிகளும் தின்றன. அந்நாளில், பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடைய இளந்தோழர்களும் இரவுதோறும் இக்கரையில் நடக்கலாயினர். கண்டெடுத்த முட்டைகளைப் பாதுகாப்பான இடத்தில் புதைத்து, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விட்டனர். அவர்களுள் ஒருவர் சதீஷ் பாஸ்கர். அடையாற்றை அடுத்த இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற அவர், படிப்பை விடக் கடலையே பெரிதாகக் கொண்டார். இந்தியக் கடற்கரைகளையும் தீவுகளையும் கால்நடையாகவே ஆராய்ந்தார். 1982இல் லட்சத்தீவுகளைச் சேர்ந்த, மனிதர் வாழாத சுஹேலித் தீவில் மழைக்காலம் முழுவதும் தன்னந்தனியே தங்கி ஆமைகளைக் கவனித்தார். அங்கிருந்து தம் மனைவிக்கு எழுதிய மடலைப் புட்டியில் அடைத்துக் கடலில் விட்டார். 24 நாள்களுக்குப் பின் அதை இலங்கை மீனவர் ஒருவர் கண்டெடுத்து உரியவரிடம் சேர்ப்பித்தார். 2023இல் சதீஷ் பாஸ்கர் மறைந்தபோது, அவரால் பயனடைந்த கரைவாழ் மக்களுள் அவர் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே.

தொடக்ககால முயற்சிக்குப் பின், 1988இல் இம்மாநகர மாணவர்கள் ஒன்றுகூடி மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பை உருவாக்கினர். ஊதியமின்றி உழைக்கும் இளைஞர்களால் அப்பணி தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிறது. பொதுமக்களையும் உடன் அழைத்துச் செல்வது அவர்கள் வழக்கம். வருவோருக்குக் கட்டளைகள் சிலவே: கைவிளக்கு ஏற்றாதீர், உரக்கப் பேசாதீர், படம் எடுக்க மின்னொளி வீசாதீர், கரையேறும் தாயின் முன்னே செல்லாதீர், தொடாதீர். மணலில் பதிந்த துடுப்புத் தடத்தைக் கண்டால் வழிகாட்டி கோலால் மெல்லக் குத்தி, மண் இளகிய இடத்தை அறிவார். முட்டைகளைப் பையில் இட்டு, விடியுமுன் பொரிப்பகத்தில் புதைப்பார்.

இதே ஆண்டுகளில் உலகின் மறுகோடியிலும் இத்தகைய ஒழுங்கொன்று பிறந்தது. அலாஸ்காவில், சாலை எட்டாத மக்நீல் ஆற்றின் அருவியில் சால்மன் மீன் பிடிக்கப் பழுப்புக் கரடிகள் பெருந்திரளாய்க் கூடும். 1967இல் அப்பகுதி சரணாலயமாக்கப்பட்டது. காணச் சென்றோர் பெருகி ஒழுங்கு குலைந்ததால், 1973இல் அனுமதிமுறை வந்தது. குலுக்கலில் தேர்ந்த ஏறத்தாழ 10 பேர் மட்டுமே ஒரு நாளில் வழிகாட்டியோடு அருவிக்குச் சென்று, குறித்த இடத்தில் அமைதியாக அமர்ந்து காணலாம். மனிதர் தம்மைக் கட்டுப்படுத்திக்கொண்டதால், கரடிகள் அவர்களைப் பொருட்படுத்தாமல் சற்றுத் தொலைவிலேயே மீன் பிடிக்கின்றன. கொடிய விலங்கிடமும் சாதுவான ஆமையிடமும் மனிதன் கற்றது ஒன்றே: படைப்பின் இல்லத்தில் நாம் விருந்தினர்; விருந்தினருக்கு நாகரிகம் வேண்டும்.

தவக்காலத்து வெள்ளி இரவொன்றில், சிலுவைப்பாதை முடிந்தபின் எம் பங்கு இளைஞர்களுடன் நானும் இந்நடையில் கலந்துகொண்டேன். விடியும்வரை நடந்தும் ஓர் ஆமையும் எங்கள் கண்ணில் படவில்லை. “இவ்வளவு தூரம் நடந்ததெல்லாம் வீண்தானா, ஃபாதர்?” என்று ஓர் இளைஞன் வருத்தத்தோடு கேட்டான். என்னால் உடனே விடை கூற இயலவில்லை. ஆயினும் அவ்வினா தோமாவை எனக்கு நினைவூட்டியது. காயங்களைத் தொட்டாலன்றி நம்ப மறுத்தவர் அவர். எட்டு நாள் கழித்து உயிர்த்த ஆண்டவர் தம் காயங்களைத் தொடும்படி அவரை அழைத்தார். ஆனால் தோமா தொட்டார் என்று நற்செய்தியாளர் யோவான் எழுதவில்லை. தொட விரும்பியவர், கண்டவுடன் கையை மறந்து சரணடைந்தார் என்றே நான் எண்ணுகிறேன். காணாமலே நம்புவோர் பேறுபெற்றோர் என ஆண்டவர் உரைத்ததும் அப்போதுதான். ஆமையைக் காணாமல் திரும்பிய இளைஞன் அதற்காக ஓர் இரவு உறக்கத்தைத் துறந்தான். கூச்சலையும் விளக்கையும் துறந்தான். அந்நடை வீணாகவில்லை என்பதே அவனுக்கு நான் இன்று தரும் விடை.

எனினும் அன்பு நடையோடு நின்றுவிடலாகாது. 2025 ஜனவரியில் சென்னைக் கரைகளில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. மூச்சு விடுவதற்கு நீர்ப்பரப்புக்கு வரவேண்டிய அவை, விசைப்படகின் இழுவலையில் சிக்கினால் மூச்சுமுட்டி மடிகின்றன. கரையோரக் கடலில் விசைப்படகுகள் மீன்பிடிப்பதை 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. சிக்கிய ஆமை வெளியேற வழிவிடும் கருவியும் உண்டு. ஆனால் அதன் வழியே மீனும் இறாலும் தப்பிவிடும் என்று அஞ்சிப் பலர் அதைப் பொருத்துவதில்லை. இதற்காக மீனவரை மட்டும் குற்றம் சாட்டுவது எளிது, நேர்மையன்று. கட்டுமரத்தாரும் சிறுபடகினரும் அதே இழுவலையால் தம் மீன்வளத்தை இழந்து நிற்கின்றனர். அவ்வலை வாரிக்கொண்டு வரும் இறால் நம் உணவுத்தட்டுக்கும் வருகிறது.

மேலும், விளக்குகள் நம்முடையவை. கடலை நோக்கிய மாடிவீடுகளும் உணவகங்களும் உயர்கம்ப விளக்குகளும் இரவைப் பகலாக்குகின்றன. குஞ்சுகள் கடலை விட்டு அவ்வொளியை நோக்கி ஓடுகின்றன; சாலையில் நசுங்குகின்றன; நாய்க்கும் காகத்துக்கும் இரையாகின்றன. குஞ்சு பொரிக்கும் பருவத்தில் இரவு விளக்குகளை அணைத்துவைக்குமாறு ஆர்வலர்கள் பல ஆண்டுகளாக வேண்டி வருகின்றனர். 1979இல் அசிசி நகர்ப் புனித பிரான்சிசைச் சூழலியலாரின் பாதுகாவலராகத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அறிவித்தார். 2015இல் நம் பொது இல்லமாகிய பூவுலகைப் பேணுவது பற்றித் திருத்தந்தை பிரான்சிஸ் முழுச் சுற்றுமடலே எழுதினார். அவற்றைப் பாராட்டிப் பேசும் நாம், கடலை நோக்கிய நம் வீட்டு விளக்கை அணைத்தோமா?

பாஸ்கா திருவிழிப்பு பெரும்பாலும் பங்குனியில் வருகிறது. சில ஆண்டுகளில் சித்திரையில் வருகிறது. அவ்விரவில் ஆலயத்தின் விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு, இருளில் நின்று ஒற்றை ஒளிக்காகக் காத்திருக்கிறோம். மற்ற ஒளிகளை அணைத்தாலன்றி அவ்வொளி தெரியாது என்பதைத் திருச்சபை அறிந்திருக்கிறது. அதே வாரங்களில், நம் ஆலயங்களிலிருந்து வெகு தொலைவில் அல்லாத மணலுக்குள், சின்னஞ்சிறு உயிர்கள் வெளிவரக் காத்திருக்கின்றன. இவ்வாண்டு கடலோரத்தில் வாழும் நம் குடும்பங்கள் பங்குனி முடியும்வரை கடலை நோக்கிய விளக்குகளை இரவில் அணைத்துவைக்குமாறு வேண்டுகிறேன். அக்குஞ்சுகள் கடலைச் சேர்வதை நாம் காணமாட்டோம். ஆயினும் அவை சேரும்.