வெட்சி (இட்லிப்பூ): பயன்களும் எச்சரிக்கைகளும்

வெட்சி என்பது வீட்டு முற்றங்களிலும் கோயில் நந்தவனங்களிலும் அழகுக்காக வளர்க்கப்படும் புதர்ச்செடியாகும். மக்கள் வழக்கில் இது இட்லிப்பூ எனப்படுகிறது. தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் தாயகம். இது காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது.

பழத்தை உண்ணலாமா?

நன்கு பழுத்த வெட்சிப் பழத்தை உண்ணலாம். காய் பச்சையாகத் தோன்றிச் சிவந்து, பின்னர் கருஞ்சிவப்பாகக் கனியும். இலேசான இனிப்பும் துவர்ப்பும் உடையது. சிறு குழந்தைகளுக்கு விதை தொண்டையில் அடைத்துக்கொள்ளக்கூடும் என்பதால், விதையை நீக்கியே கொடுக்கவும். பூச்சிமருந்து தெளிக்கப்பட்ட செடியின் பழத்தையோ பூவையோ உண்ண வேண்டாம்.

வெட்சியை அடையாளம் காண்பது எப்படி?

வெட்சிப் பூவில் நீண்ட மெல்லிய குழலின் நுனியில் நான்கு இதழ்கள் விரிந்திருக்கும். இலைகள் வழவழப்பாக, விளிம்பில் பற்களின்றி இருக்கும். பின்வருவனவற்றை வெட்சி என்று கருதிவிடாதீர்கள்:

• உண்ணிச்செடி: இலை சொரசொரப்பானது, கசக்கினால் கடும் மணம் வீசும். இதன் பச்சைக் காய்கள் நச்சுத்தன்மை உடையவை.
• டுராண்டா: மஞ்சள் நிறக் காய்கள் கொத்தாகத் தொங்கும். இவையும் நஞ்சு.
• அரளி: எல்லாப் பகுதிகளும் நஞ்சு, இதயத் துடிப்பைப் பாதிக்கும்.

வயிற்றுப்போக்குக்கு வெட்சி போதுமா?

வெட்சியின் பூவும் வேரும் வயிற்றுப்போக்கு, சீதபேதி ஆகியவற்றுக்குப் பாரம்பரியமாகப் பயன்படுத்தப்பட்டு வருகின்றன. ஆயினும், வயிற்றுப்போக்கில் குழந்தையின் உயிருக்கு ஆபத்தை விளைவிப்பது பெரும்பாலும் நீரிழப்பே. பூக் கஷாயம் அந்த இழப்பை ஈடுசெய்யாது. கஷாயம் கொடுத்துக் காத்திருக்கும் ஓரிரு நாட்களுக்குள் குழந்தை சோர்ந்து மயங்கும் நிலைக்குச் செல்லக்கூடும். எனவே முதல் நாளிலிருந்தே:

• ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுவதையும், அதில் குறிப்பிட்டுள்ள அளவு (பொதுவாக 1 லிட்டர்) காய்ச்சி ஆறிய நீரில் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுக்கவும். மீதமுள்ள கரைசலை 24 மணி நேரத்துக்குப் பின் பயன்படுத்த வேண்டாம்.
• தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தாதீர்கள்.
• துத்தநாக மாத்திரையை மருத்துவர் கூறும் அளவில் 14 நாட்கள் கொடுக்கவும்; கழிச்சல் நின்றாலும் இடையில் நிறுத்தக்கூடாது.

மலத்தில் இரத்தம், குழிவிழுந்த கண்கள், சிறுநீர் குறைதல், நீர் அருந்த இயலாமை, அதிகச் சோர்வு ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் உடனே அரசு மருத்துவமனைக்கு வாருங்கள்.

நச்சுக்காயை உண்டுவிட்டால்

வாந்தி எடுக்கச் செய்ய வேண்டாம். உப்புக் கரைசலோ புளிக் கரைசலோ புகட்ட வேண்டாம். 108 அவசர ஊர்தியை அழையுங்கள். உண்ட செடியின் கிளை ஒன்றை இலை, காயுடன் எடுத்து வாருங்கள். எந்தச் செடி என்று அறிந்தால் சிகிச்சையை விரைந்து முடிவு செய்ய இயலும்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், தொடர்ந்து மருந்து உட்கொள்வோர் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் வெட்சிக் கஷாயம் அருந்த வேண்டாம்.